கடைசி ஆறு கட்டங்கள்

எங்கள் பக்கத்தில் யாரும் கதவு எண் சொல்லி வழி காட்ட மாட்டார்கள். "கோயிலத் தாண்டி, தெக்கால திரும்பி, மூணாவது ஊடு" என்பார்கள். நடுவில் யாராவது புதிதாக ஒரு வீட்டைக் கட்டிவிட்டால், வழி கேட்டு வந்தவர் வேறு யார் வீட்டுக் கதவையோ தட்டிக்கொண்டு நிற்பார். நான் போட்ட ஒரு ஃபார்முலாவும் ஒரு தடவை அப்படித்தான் தப்பான கதவைத் தட்டியது. அதனால் இருபத்தாறு பெண்கள் எட்டு நாள் நாலு மணி டீயைக் குடிக்காமல் தைத்தார்கள். அந்தக் கதையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

திருப்பூருக்குத் தெற்கே, பல்லடம் ரோட்டில் இருக்கிற அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் நான் பிளானிங் பார்க்கிறேன். ஏதோ பெரிய வேலை என்று நினைத்துவிட வேண்டாம். எந்த லைனில் எந்த ஆர்டர் ஓடுகிறது, இன்றைக்கு எத்தனை பீஸ் வந்தது, மீதி எப்போது முடியும் என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். பதில் என்னிடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். லைன் என்றால் இருபத்தைந்து, முப்பது மெஷின்கள் கொண்ட ஒரு வரிசை. முதல் ஆள் தோளை மூட்டுவார், அடுத்தவர் கழுத்தை வைப்பார், கடைசி மெஷினில் முழு டீ-ஷர்ட்டாக வந்து விழும். எங்களிடம் ஐந்து லைன்கள், லைனுக்கு ஒரு சூப்பர்வைசர். சாயங்காலம் அவரவர் லைனில் வந்த பீஸ் எண்ணிக்கையைத் தங்கள் போனிலிருந்தே அவரவர் ஷீட்டில் போட்டுவிடுவார்கள்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். கம்பெனியில் எல்லோருக்கும் இது தெரியும். ஷீட்டில் ஒரு கட்டத்தைத் தவறுதலாக அழித்துவிட்டால்கூட என்னிடம் வந்து சொல்ல இரண்டு பேராகத்தான் வருவார்கள். இதில் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மேனேஜர் அறையில் ஒரு டிவி இருக்கிறது. அதில் ஐந்து லைன்களின் கடைசி ஆறு நாள் சராசரி தெரிய வேண்டும் என்பது அவருடைய ஆசை. அந்தக் கண்ணாடி அறையைத் தாண்டித்தான் எல்லோரும் போய் வர வேண்டும் என்பதால் டிவியில் இருப்பது கம்பெனி முழுக்கத் தெரியும். ஆரம்பத்தில் அதை நான் கையால் செய்துகொண்டிருந்தேன். நேற்றுவரை நாலாவது கட்டத்திலிருந்து ஒன்பதாவது கட்டம் என்றால், இன்றைக்கு ஐந்திலிருந்து பத்து. நாளைக்கு ஆறிலிருந்து பதினொன்று. தினமும் காலையில் ஐந்து லைனுக்கும் இப்படி மாற்ற வேண்டும். ஒரு நாள் மறந்தால் போச்சு, பழைய எண்ணே நிற்கும். மேனேஜர் வந்து, "ஏம்மா, நேத்து யாருமே வேலை செய்யலையா?" என்று கேட்பார்.

அப்புறம் ஒரு மத்தியானம், தயிர்சாதத்தை ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே போனில் ஒரு வீடியோ பார்த்தேன். ஆஃப்செட் என்று ஒரு ஃபங்ஷன். அதற்கு முகவரி தர வேண்டாம், வழி சொன்னால் போதும். 'பீஸ்' என்று தலைப்பு இருக்கிற கட்டத்தில் நில். அந்த நெடுவரிசையில் எத்தனை கட்டம் நிரம்பியிருக்கிறது என்று எண்ணு. தலைப்புக்காக ஒன்றைக் கழித்துவிடு. அத்தனை படி கீழே இறங்கு. இறங்கிய இடத்திலிருந்து மேலே பார்த்து ஆறு கட்டத்தைப் பிடி. கூட்டி ஆறால் வகு. எண்ணுகிற வேலைக்குக் கவுண்ட்-ஏ என்று இன்னொரு ஃபங்ஷன் இருக்கிறது. சூப்பர்வைசர் இன்றைய எண்ணைப் போட்டதும் வரிசை ஒரு கட்டம் வளரும், என் ஃபார்முலாவும் தானாகவே ஒரு படி இறங்கிக்கொள்ளும். நான் தொடவே வேண்டாம்.

முதல் நாள் அது சரியாக இறங்கி நின்றபோது எனக்கு வந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை. இதை வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர், "ஃபார்முலாவுக்குச் சோறு போட வேண்டியதில்லைல்ல, அதான்" என்றார். அவர் சொன்னதிலும் விஷயம் இருந்தது.

நாலாவது லைன் சூப்பர்வைசர் என்னைவிட மூன்று வயது மூத்தவர். அதே கம்பெனியில் நூல் பிசிறு வெட்டுகிற வேலையில் சேர்ந்து, பிறகு டெய்லராகி, அப்புறம் சூப்பர்வைசர் ஆனவர். அவர் லைனில் இருக்கும் இருபத்தாறு பேரும் பல்லடம் தாண்டி உடுமலை ரோட்டில் அடுத்தடுத்து இருக்கிற நாலைந்து ஊர்க்காரர்கள். எல்லோரும் ஒரே வேனில் வருவார்கள், ஒரே வேனில் போவார்கள். வேன் வந்து நின்றால் இறங்குவதற்கு முன்பே பேச்சுச் சத்தம் ஆபீசுக்குக் கேட்கும். யார் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் ஏறியது, யார் மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள் என்கிற சமாசாரமெல்லாம் எனக்கு அப்படித்தான் தெரியும்.

அந்த அக்காவுக்கு இந்த போன் ஷீட் பிடிக்கவில்லை. முன்பு பெரிய நோட்டில் எழுதிக்கொண்டிருந்தவர். "நோட்டுல எழுதுனாத்தானுங்க மேடம் எழுதுன மாதிரி இருக்குது" என்பார். அதற்காக ஒரு நாளும் எண்ணைப் போடாமல் விட்டதில்லை. அதோடு, யாருக்கும் காட்டாமல் சின்ன நோட்டு ஒன்றிலும் எழுதி வைத்துக்கொண்டிருந்தார். அது பின்னால்தான் எனக்குத் தெரிய வந்தது.

ஒரு சனிக்கிழமை என் மேஜைக்கு வந்தார். "ஏனுங்க மேடம், இந்தப் போனுல தமிழ் எழுத்து வருமுங்களா?" என்று கேட்டார்.

குறிப்பு எழுதுகிற கட்டத்தில் ஊசி உடைந்தது, கரண்ட் போனது என்று எழுதக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். தமிழ் கீபோர்டைப் போட்டு, எப்படி மாற்றுவது என்று காட்டினேன். இரண்டு நிமிட வேலை. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "போதுமுங்க மேடம். இனி எனக்கு ஒரு கொறையும் இல்லீங்க" என்று போனை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார். ஒரு கீபோர்டுக்கு இவ்வளவா என்று நான் யோசித்திருக்க வேண்டும். நல்ல காரியம் செய்துவிட்டோம் என்ற நினைப்பில் யோசிக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை புது ஆர்டர் தொடங்கியது. குழந்தைகளுக்கான டீ-ஷர்ட். புது ஆர்டர் என்றால் ஒவ்வொரு லைனுக்கும் புது ஷீட். தேதி, சைஸ், பீஸ், டேமேஜ், குறிப்பு என்று ஐந்து நெடுவரிசைகள் போட்டுக் கொடுத்தேன். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று மேலே இரண்டு வரியைக் காலியாக விட்டு, மூன்றாவது வரியில் தலைப்புகளை வைத்தேன்.

இரண்டாவது வாரம் புதன்கிழமை மேனேஜர் எல்லா சூப்பர்வைசர்களையும் கூப்பிட்டார். ஐந்து லைனுக்கும் போதிய வேலை இல்லை, ஆனால் பெருமாநல்லூரில் இருக்கும் எங்கள் இன்னொரு யூனிட்டில் ஆள் பற்றவில்லை. அதனால் ஒரு லைனைக் கலைத்து, பாதிப் பேரை அங்கே அனுப்பிவிட்டு மீதிப் பேரை இங்கே மற்ற லைன்களில் சேர்ப்பது என்று முடிவாகியிருந்தது. எந்த லைன் என்பதை அடுத்த வாரம் சனிக்கிழமை காலையில் சொல்வார். "எனக்கு வேண்டியவங்க வேண்டாதவங்கன்னு யாரும் இல்லைங்க. டிவியில எந்த லைன் கடைசியா இருக்கோ அந்த லைன்" என்றார். நியாயமான மனிதர்தான். அவர் சொன்னதில் அன்றைக்கு எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

எல்லோரும் திரும்பி டிவியைப் பார்த்தோம். நாலாவது லைன் எழுநூற்று அறுபது. அதற்கு மேலே ஐந்தாவது லைன் எண்ணூற்று முப்பது. மற்ற மூன்றும் அதற்கும் மேலே.

நாலாவது லைன் அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. காரணம் அங்கே இருந்த எல்லோருக்கும் புரிந்தது. பெருமாநல்லூர் திருப்பூருக்கு அந்தப் பக்கம். உடுமலை ரோட்டுக் கிராமத்திலிருந்து ஒருத்தி அங்கே போக வேண்டுமானால் பஸ் மாறி மாறி, ஊரையே குறுக்கே தாண்டிப் போக வேண்டும். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு வருகிற பெண்களால் ஆகாத காரியம். பாதிப் பேர் நின்றுவிட்டால் மீதிப் பாதிக்காக வேன் ஓடாது. வேன் நின்றால் அந்தப் பாதியும் வீட்டோடு. ஆக, கலைவது லைன் மட்டுமில்லை, இருபத்தாறு பேரின் வேலையும் போகும், அவரோடு சேர்த்தால் இருபத்தேழு.

கூட்டம் முடிந்ததும் அவர் நேராக என்னிடம் வந்தார். "என்ர கணக்குல இதுக்கு மேல வருதுங்க மேடம். ஷீட்டைக் கொஞ்சம் பாக்கறீங்களா?"

"நீங்க போட்டதைத்தானுங்க அக்கா அது கூட்டும். அதுவா ஒண்ணும் குறைக்காது" என்றேன். சொன்ன தொனி நல்லதாக இல்லை. இருந்தாலும் ஷீட்டைத் திறந்து பார்த்தேன். நடுவில் எங்காவது கட்டம் விட்டுப் போயிருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். விட்டுப் போகவில்லை. மூடிவிட்டேன். என் ஃபார்முலாவைச் சந்தேகப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பெற்ற பிள்ளையைப் பற்றி யாராவது குறை சொன்னால் வருமே, அந்த எரிச்சல்தான் வந்தது.

மறுநாள் நாலு மணிக்கு டீ பெல் அடித்தபோது நான் தையல் பக்கம் போயிருந்தேன். மற்ற லைன்கள் எழுந்து போய்விட்டன. நாலாவது லைனில் மட்டும் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. "டீக்குப் போகலீங்களா?" என்று கேட்டேன். "கொஞ்சம் ஏத்திப் பாக்கறமுங்க மேடம்" என்றார் அக்கா. ஓவர்லாக் மெஷினில் இருந்த ஒரு பெண் தலையைத் தூக்காமலேயே, "டீ எங்கீங்க ஓடிப் போகுது?" என்றாள்.

அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். நான் அந்தப் பக்கம் போனால் இருபத்தாறு பேரும் ஒரு தடவை என் முகத்தைப் பார்ப்பார்கள். ஒருத்தி கைவிரலைச் சுழற்றி, "எத்தனை?" என்று ஜாடையில் கேட்பாள். எழுநூற்று எழுபது, எழுநூற்றுத் தொண்ணூறு என்று நானும் வாயசைத்துச் சொல்வேன். எண் ஏறுவதைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாக இருந்தது. பாருங்கள், உழைத்தால் ஃபார்முலா காட்டுகிறது என்று வேறு நினைத்துக்கொண்டேன். இப்போது அதை நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். விடிந்தால் சனி. நாலாவது லைன் எண்ணூறில் நின்றது. ஐந்தாவது லைன் அதே எண்ணூற்று முப்பது. அக்கா என் மேஜைக்கு வந்து ஒரு சின்ன நோட்டை வைத்தார்.

"மேடம், கோவிச்சுக்காதீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறன். இந்த ஆறு நாளுல எந்த நாளாச்சும் எண்ணூறுக்குக் கீழ வந்திருக்குதுங்களா?"

"எனக்கெப்படிங்க தெரியும், பாக்கோணும்."

"வரலீங்க. எல்லா நாளும் தொள்ளாயிரத்தி அம்பது, தொள்ளாயிரத்தி அறுவது, எழுவது. ஒரு நாளுமே எண்ணூறு இல்லாதப்ப, எல்லாத்தையும் கூட்டி வகுத்தா மட்டும் எண்ணூறு எப்பிடிங்க வரும்?"

எனக்கு இன்ஸ்பெக்‌ஷன் ஆள் போனில் காத்திருந்தார். "சராசரின்னா அப்படித்தானுங்க அக்கா, பாக்கறேன், வச்சுட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் நோட்டை மேஜை ஓரத்தில் நேராக வைத்துவிட்டுப் போனார்.

போனை வைத்த பிறகுதான் அந்தக் கேள்வி எனக்குள் இறங்கியது. எல்லாம் தொள்ளாயிரத்துக்கு மேல். அவற்றின் சராசரி எண்ணூறு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூடச் சிரிக்கும். பி.காம். படித்த நான் 'சராசரின்னா அப்படித்தான்' என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். காது சூடாகிவிட்டது.

நோட்டைத் திறந்தேன். ரூல் போட்ட பக்கம். தேதியும் எண்ணும் முத்து முத்தான கையெழுத்தில். முதலில் எத்தனை நாள் எழுதியிருக்கிறார் என்று பார்க்கலாம் என்று பேனா முனையால் மேலிருந்து ஒவ்வொரு வரியாகத் தொட்டு எண்ணினேன். பதினேழு வந்தது. திங்கட்கிழமை தொடங்கிய ஆர்டர், ஞாயிறு லீவு, நேற்று வியாழன் வரைக்கும் பதினாறு நாள்தானே ஆகிறது? மறுபடி எண்ணினேன். மறுபடியும் பதினேழு. எரிச்சலோடு மூன்றாவது தடவை எண்ண, பேனாவைப் பக்கத்தின் மேலே கொண்டுபோய் வைத்தேன். பேனா முனை ஒரு 'உ' மேல் நின்றது.

பிள்ளையார் சுழி. எண்களுக்கெல்லாம் மேலே, பக்கத்தின் நடுவில், சின்னதாக ஒரு உ. அதையும் ஒரு நாளாகச் சேர்த்து எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கை தானாகவே ஷீட்டைத் திறந்தது. நாலாவது லைன். எப்போதும் கீழேதான் பார்ப்பேன், அன்றைக்கு மேலே போனேன். முதல் வரி, ஐந்து நெடுவரிசைகளில் சரியாக நடுவில் இருப்பது, அதாவது பீஸ் எண்ணிக்கை போடுகிற நெடுவரிசை. அதன் உச்சியில் அதே உ. நான் போட்டுக் கொடுத்த கீபோர்டில் எழுதியது.

போன வாரமும் இதே ஷீட்டைத் திறந்துதானே பார்த்தேன்? அப்போதும் அது அங்கேதான் இருந்திருக்கும். என் கண்ணில் பட்டும் இருக்கும். பரீட்சைப் பேப்பரில், மளிகைச் சீட்டில், கல்யாணப் பத்திரிகையில் என்று பிறந்ததிலிருந்து பார்த்துப் பார்த்து அது என் கண்ணுக்கு எழுத்தாகவே தெரிவதில்லை. காகிதத்தோடு காகிதமாகப் போய்விட்டது. கவுண்ட்-ஏவுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. நிரம்பிய கட்டம் எதுவோ அது ஒன்று. அது பிள்ளையாரையும் ஒரு நாள் என்று எண்ணி, ஒரு படி கூடுதலாக இறங்கி, இன்னும் எழுதப்படாத காலிக் கட்டத்தில் நின்றது. அங்கிருந்து மேலே ஆறு கட்டம் பிடித்தால், ஐந்து நாளும் ஒரு வெற்றிடமும். ஐந்து நாள் பீஸைக் கூட்டி ஆறால் வகுத்திருக்கிறது. முதல் நாளிலிருந்தே.

"அடக் கடவுளே" என்று வாய்விட்டுச் சொன்னேன். யாரைக் கூப்பிட்டேன் என்று உறைத்ததும் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கிவிட்டது.

எழுத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எண்ணுகிற கவுண்ட் ஃபங்ஷனை மாற்றிப் போட்டால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று மற்ற ஷீட்டுகளையும் திறந்தேன். இரண்டாவது லைன் பாய் இடது மூலையில், தேதிக்கு மேலே, 786 என்று போட்டிருந்தார். மூன்றாவது லைன் அக்கா சிலுவைக்கு வழி தெரியாமல் ஆங்கிலச் சின்ன t எழுத்தை வலது மூலையில் வைத்திருந்தார். நான் அழகுக்கு விட்ட காலி வரியை ஆளுக்கு ஒரு மூலையாகப் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் இரண்டு பேரும் தப்பித்தது மூலையில் எழுதியதால்தான். நாளைக்கே பாய் நடுவுக்கு வந்தால், அவருடையது எழுத்தில்லை, எண். கவுண்ட் அதையும் எண்ணித் தொலைக்கும். அதனால் தலைப்புக்குக் கீழே நாலாவது வரியிலிருந்துதான் எண்ண வேண்டும் என்று ஃபார்முலாவை மாற்றி எழுதினேன். மேல் வரியில் யார் வேண்டுமானாலும் இருந்துகொள்ளட்டும்.

என்டரைத் தட்டினேன். எண்ணூறு தொள்ளாயிரத்து அறுபது ஆனது. நாலாவது லைன் கீழிருந்து கிளம்பி இரண்டாவது இடத்துக்குப் போய் உட்கார்ந்தது. பழைய நாட்களையும் போட்டுப் பார்த்தேன். டீயை விடுவதற்கு முன்பே அவர்களுடைய சராசரி தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு. அவர்கள் எப்போதுமே கடைசியில் இருந்ததில்லை.

இதோடு எழுந்து போய்விட்டிருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. எட்டு நாள் கஷ்டப்பட்டோம், ஏறிவிட்டது என்று அவர்களும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். அந்த நினைப்பு எனக்கு வந்தது, மறைக்கவில்லை. அப்போது நாலு மணி பெல் அடித்தது. மற்ற லைன்கள் டீக்குப் போகிற சத்தம் கேட்டது. நாலாவது லைனின் மெஷின் சத்தமும் கேட்டது. மனசு கேட்கவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் அத எழுதுனதாலயாங்க?" என்றார் மெதுவாக.

"இல்லீங்க அக்கா. எனக்கு எண்ணத் தெரியாததால. நீங்க மொத நாளிலிருந்தே கடைசி எடத்துல இருந்ததில்லீங்க. டீயை விட்டிருக்கவே வேண்டியதில்லைங்க. தப்பு என் மேலதான்."

கம்பெனியில் நான் இப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. பக்கத்தில் இரண்டு மெஷின்கள் நின்றன. விஷயம் மெஷினுக்கு மெஷின் தாவிப் போனது. திட்டப் போகிறார்கள் என்று நின்றுகொண்டிருந்தேன். ஓவர்லாக் பெண்தான் முதலில் வாயைத் திறந்தாள். "ஏனுங்க மேடம், பிள்ளையாரும் எங்க லைனுல ஒரு ஆளுன்னு சேத்துட்டீங்க, செரி. அவரு ஒரு பீசாவது தெச்சாருங்களா?"

"ஒண்ணுமில்ல, பூஜ்யம்."

"அதான பாத்தன். குந்திட்டே இருந்திருக்காரு."

லைன் முழுக்கச் சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வேனு நிக்காதுங்களா?" என்று கேட்டார். "நிக்காதுங்க" என்றேன். பிறகுதான் அவரும் சிரித்தார்.

சனிக்கிழமை காலை மேனேஜரிடம் நானே போய்ச் சொன்னேன். இத்தனை நாள் தப்பான எண்ணைக் காட்டியதற்கு ஐந்து நிமிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன், அது நியாயம்தான். கலைந்தது ஐந்தாவது லைன். அதில் பாதிக்கு மேல் பெருமாநல்லூர்ப் பக்கத்திலேயே வீடு இருக்கிறவர்கள். "அங்கயே போட்டுக் குடுத்தா எங்களுக்கு ஒரு மணி நேரம் மிச்சமுங்க" என்று சிரித்த முகமாகப் பெயர் கொடுத்தார்கள். மற்றவர்கள் இங்கேயே மீதி நாலு லைன்களில் சேர்ந்துகொண்டார்கள். மேனேஜருக்கு ஆச்சரியம். "இதை ஏம்மா யாரும் முதல்லயே சொல்லல?" என்றார். "நீங்க நம்பர்தானுங்க சார் கேட்டீங்க" என்றேன். அவர் டிவியைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

திங்கட்கிழமை மத்தியானம் ஷீட்டுகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். இப்போதெல்லாம் மேல் வரியிலிருந்து பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. பாயின் 786 இருந்தது. மூன்றாவது லைன் அக்காவின் சிலுவை இருந்தது. நாலாவது லைனில் நடுக் கட்டம் காலியாக இருந்தது.

எழுந்து போனேன். நாலு மணிக்கு இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. "எங்கீங்க அக்கா அது?" என்று கேட்டேன். எதைக் கேட்கிறேன் என்று அவருக்குத் தெரிந்தது.

"எடுத்துட்டனுங்க மேடம். எதுக்குங்க வம்பு. இருவத்தாறு பேரு பொழப்பு."

அப்படி அவர் சொன்னது எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. நான் கோயிலுக்குப் போனால் செருப்பைப் பார்த்துக்கொண்டு வெளியே நிற்கிற ரகம். இருந்தாலும் அவர் போனை வாங்கினேன். கீபோர்டைத் தமிழுக்கு மாற்றி, மேல் வரியின் நடுக் கட்டத்தில் நானே ஓர் உ எழுதினேன். பிறகு டிவி காட்டுகிற ஷீட்டை அதே போனில் திறந்து அவர் முன்னால் பிடித்தேன். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு. அதே தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு.

"அசையலீங்களே" என்றார்.

"இனி அசையாதுங்க."

அவர் போனைக் கையில் வாங்கி அந்த உ-வைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை என்னை மேடம் என்று மட்டுமே கூப்பிட்டவர், "அப்ப இவரு இப்பக் கணக்குல இல்லீங்களா, அம்மிணி?" என்று கேட்டார்.

"கணக்குக்கு மேல இருக்காருங்க அக்கா" என்றேன்.

பெல் அடித்தது. இருபத்தாறு மெஷின்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. எல்லோரும் எழுந்து டீ குடிக்கப் போனார்கள். எனக்கும் ஒரு டம்ளர் வாங்கி வைத்திருந்தார்கள்.